ஸ்க்லெரோடெர்மா: பெயர் தோலில், நோய் ரத்தக்குழாயில்

ஒருவருக்கு வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த, பளபளப்பான ஒரு திட்டு. இன்னொருவருக்கு விரல்கள் வீங்கி இறுகி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இருவரின் மருத்துவச் சீட்டிலும் எழுதியிருப்பது 'ஸ்க்லெரோடெர்மா' என்ற ஒரே சொல். முதலாமவர் இணையத்தில் தேடி, நுரையீரல், சிறுநீரகம் என்றெல்லாம் படித்துத் தூக்கத்தைத் தொலைக்கிறார். இரண்டாமவர் 'தோல் வியாதிதானே, களிம்பு தடவினால் போகும்' என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார். இரண்டு பேரையும் ஏமாற்றியது பெயர்தான்.

கிரேக்கத்தில் 'ஸ்க்லெரோஸ்' என்றால் கடினமானது, 'டெர்மா' என்றால் தோல். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு மருத்துவர்கள் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, கண்ணுக்குத் தெரிந்தது தோல் மட்டுமே. உள்ளுறுப்புகளும் இதே நோயில் சிக்குகின்றன என்று தெளிவாக நிலைபெற இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின. இப்போது மருத்துவ நூல்கள் 'சிஸ்டமிக் ஸ்க்லெரோசிஸ்' என்ற பெயரையே விரும்புகின்றன. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் முற்றிலும் வேறு நோய். இரண்டுக்கும் பெயரில் மட்டும்தான் உறவு.

ஒரே பெயரில் இரண்டு நோய்கள்

முதலில் இதைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1. ஓரிட ஸ்க்லெரோடெர்மா. இதற்கு 'மார்ஃபியா' என்றும் பெயர். தோலில் திட்டாகவோ, கை கால் நெடுக ஒரு கோடாகவோ, நெற்றியில் வாள் வெட்டுப் போன்ற பள்ளமாகவோ வரும். குழந்தைகளுக்குக் கோடாக வந்தால் அடியிலுள்ள தசை, எலும்பின் வளர்ச்சி கெடலாம் என்பதால் அலட்சியம் கூடாது. ஆனால் இது வழக்கமாக உடல் முழுவதும் பரவும் வகையாக மாறுவதில்லை.

2. முழு உடல் ஸ்க்லெரோடெர்மா. இந்தக் கட்டுரை பேசப்போவது இதைப் பற்றித்தான். இது விரல்களில் தொடங்கும். இரண்டு கைகளிலும் தொடங்கும். தோலோடு நுரையீரல், உணவுக்குழாய், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றையும் தொடக்கூடியது.

இரண்டையும் வேறுபடுத்த ஓர் எளிய அடையாளம் உண்டு. மார்ஃபியா பெரும்பாலும் விரல்களை விட்டுவிடும். குளிரில் விரல் வெளுக்கும் தொல்லையும் அதில் சாதாரணமாக இருக்காது.

உள்ளே நடப்பது என்ன?

நம் உறுப்புகளைத் தாங்கிப்பிடித்து ஒன்றோடொன்று இணைப்பது இணைப்புத் திசு. அதன் முக்கியச் சரக்கு கொலாஜன் என்ற புரதம். அதை உற்பத்தி செய்பவை 'ஃபைப்ரோபிளாஸ்ட்' செல்கள். காயம் பட்டால் இவை விழித்து, கொலாஜனைக் கொட்டி, கிழிந்த இடத்தை மூடித் தழும்பாக்கிவிட்டு ஓய்ந்துவிடும். ஸ்க்லெரோடெர்மாவில் இந்த ஓய்வுதான் வருவதில்லை. காயமே இல்லாத இடத்திலும் தழும்பு வளர்ந்துகொண்டே போகிறது.

ஏன்? மூன்று இழைகள் பின்னிக்கொண்டு வருகின்றன.

1. ரத்தக்குழாய் கெடுவது. மிகச் சிறிய ரத்தக்குழாய்களின் உட்சுவர் முதலில் சேதமாகிறது. அந்தச் சுவர் 'எண்டோதெலின்' போன்ற, குழாயை இறுக்கும் பொருள்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. சுவர் தடித்து, வழி குறுகி, திசுவுக்குப் போகும் ரத்தம் குறைகிறது.

2. நோயெதிர்ப்பு மண்டலம் தடம்புரள்வது. கிருமியைத் தாக்க வேண்டிய செல்கள் சொந்த உடம்பையே குறிவைக்கின்றன. இதைத்தான் தன்னெதிர்ப்பு நோய் என்கிறோம். ரத்தத்தில் தன் செல்களுக்கே எதிரான ஆன்டிபாடிகள் உருவாகின்றன.

3. தழும்பாவது. மேற்சொன்ன இரண்டும் சேர்ந்து அனுப்பும் சமிக்ஞைகளால் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் முடுக்கிவிடப்படுகின்றன. இதில் 'டிஜிஎஃப் பீட்டா' என்ற புரதத்துக்குப் பெரும்பங்கு. கொலாஜன் குவிந்து, நெகிழ்வான திசு நாராகிறது.

வரிசையைக் கவனியுங்கள். தோல் இறுகுவது கடைசிப் படி. முதல் படி ரத்தக்குழாயில். அதனால்தான் முதல் அறிகுறியும் தோலில் அல்ல, விரல் நுனி ரத்த ஓட்டத்தில் தெரிகிறது.

இது தொற்று நோய் அல்ல. பரம்பரை நோய் என்று சொல்வதும் சரியல்ல. ரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவே. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது, பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள். சிலிக்கா தூசியை நெடுங்காலம் சுவாசிப்பவர்களிடம், அதாவது சுரங்கம், கல் உடைத்தல் போன்ற வேலை செய்பவர்களிடம், இது கூடுதலாக வருவது நிறுவப்பட்ட விஷயம். சில கரைப்பான் ரசாயனங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

விரல் வெளுப்பது: ரேனோ

1862இல் மாரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் தன் ஆய்வேட்டில் விவரித்ததால் இந்த அறிகுறிக்கு அவர் பெயர். குளிர்ந்த நீரில் கை வைத்தாலோ, ஏசி அறைக்குள் நுழைந்தாலோ, மனம் பதறினாலோ விரல்கள் சட்டென்று சுண்ணாம்பாக வெளுக்கும். பிறகு நீலம் பாரிக்கும். சூடு திரும்பும்போது சிவந்து விறுவிறுக்கும். மாநிறத்திலும் கருநிறத்திலும் இந்த மூன்று நிறங்கள் பாடப்புத்தகப் படத்தில் இருப்பதுபோல் பளிச்சென்று தெரியாது. உள்ளங்கைப் பக்கத்தையும் நகத்தின் அடியையும் பார்த்தால்தான் பிடிபடும்.

இங்கே பதற வேண்டாம். ரேனோ உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வேறு எந்த நோயும் கிடையாது. பதின்வயதிலோ இருபதுகளிலோ தொடங்கி, இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வந்து, புண் எதுவும் போடாமல், வருடக்கணக்கில் அப்படியே இருந்துவிடும்.

சந்தேகப்பட வேண்டியது இப்படி வரும்போது: முப்பது வயதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்குவது, விரல்கள் காலையில் உப்பியே இருப்பது, நுனியில் ஆறாத புண்ணோ ஊசி குத்தியது போன்ற குழியோ தெரிவது, அதோடு புதிதாக நெஞ்செரிச்சல் சேர்ந்துகொள்வது. முன்பு போட்ட மோதிரம் திடீரென்று ஏறவில்லை என்றுதான் பலரும் இதை முதலில் கவனிக்கிறார்கள்.

அடுத்து ஓர் எளிய, வலியில்லாத சோதனை இருக்கிறது. நகம் தோலோடு சேரும் மடிப்பில் உள்ள நுண்குழாய்களை உருப்பெருக்கி வழியே பார்ப்பார்கள். ஆரோக்கியமான விரலில் அவை கொண்டை ஊசிகளை வரிசையாக அடுக்கியதுபோல் இருக்கும். ஸ்க்லெரோடெர்மாவில் சில ஊசிகள் பலூனாய் ஊதியிருக்கும், சில இடங்களில் ஊசியே இருக்காது, ஆங்காங்கே ரத்தக் கசிவு தெரியும். உடம்பின் உள்ளே நடப்பதை வெட்டாமல் குத்தாமல் பார்க்கக் கிடைக்கும் அபூர்வமான ஜன்னல் இது.

குறு வகை, விரி வகை, மூன்று ஆன்டிபாடிகள்

தோல் எவ்வளவு தூரம் இறுகியிருக்கிறது என்பதை வைத்து இரண்டாகப் பிரிக்கிறார்கள். முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழேயும் முகத்திலும் மட்டும் என்றால் குறு வகை. மேற்கை, தொடை, மார்பு, வயிறு என்று ஏறிவிட்டால் விரி வகை. குறு வகையில் ரேனோ பல வருடம் தனியாக இருந்துவிட்டு மெல்ல மற்றவை சேரும். விரி வகையில் ரேனோவும் தோல் இறுக்கமும் சில மாத இடைவெளியில் வந்து, முதல் சில ஆண்டுகளில் வேகமாகப் போகும். தோலே இறுகாமல் உள்ளுறுப்புகளில் மட்டும் வரும் மூன்றாவது வகையும் உண்டு. அரிது, ஆனால் பெயர் எவ்வளவு தவறு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

'குறு' என்ற சொல்லும் ஏமாற்றும். தோலின் பரப்புதான் குறைவு, ஆபத்து குறைவு என்று பொருளல்ல. ஆபத்து எங்கே என்பதை முன்கூட்டிச் சொல்வதில் ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடிதான் கெட்டிக்காரன். இந்த மூன்றும் செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் வெவ்வேறு பொருள்களைக் குறிவைக்கின்றன. பொதுவாக ஒருவரிடம் ஒன்று மட்டுமே இருக்கும்.

1. சென்ட்ரோமியர் எதிர்ப்பு. குரோமோசோமின் இடுப்புப் பகுதிக்கு எதிரானது. பெரும்பாலும் குறு வகை. நுரையீரல் தழும்பாவது குறைவு. ஆனால் பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறலாம்.

2. எஸ்சிஎல்-70 எதிர்ப்பு. டிஎன்ஏயின் முறுக்கைத் தளர்த்தும் டோபோஐசோமரேஸ் என்ற நொதிக்கு எதிரானது. நுரையீரல் தழும்புக்கான எச்சரிக்கை மணி இதுதான்.

3. ஆர்என்ஏ பாலிமரேஸ் 3 எதிர்ப்பு. தோல் வேகமாக இறுகும். சிறுநீரக நெருக்கடிக்கு வாய்ப்பு அதிகம். நோய் தொடங்கிய காலத்தையொட்டியே சிலருக்குப் புற்றுநோயும் கண்டுபிடிக்கப்படுகிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, இப்படிப்பட்ட சிலரின் புற்றுக்கட்டியில் இதே பாலிமரேஸின் மரபணு மாறியிருப்பதைக் காட்டியது. அப்படியானால் அவர்களிடம் எதிர்ப்பு மண்டலம் முதலில் குறிவைத்தது புற்றைத்தான், பிறகு குறி தப்பி உடம்பைத் தாக்கியது என்று கருத இடமிருக்கிறது. இந்த நோயைப் பற்றி வந்த ஆய்வுகளில் ஆகச் சுவாரசியமானது இதுவே என்பேன்.

'ஏஎன்ஏ பாசிட்டிவ்' என்று வந்தால்?

ஆய்வகத் தாளில் இந்த வரியைப் பார்த்துவிட்டுப் பயந்துபோகிறவர்கள் ஏராளம். உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடிகளை மொத்தமாகத் தேடும் சோதனை இது. முழு உடல் ஸ்க்லெரோடெர்மா உள்ளவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு இது பாசிட்டிவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கணக்கைத் திருப்பிப் போடக் கூடாது. எந்த நோயும் இல்லாதவர்களிலேயே 1:160 அளவில் (அதாவது ரத்த மாதிரியை 160 மடங்கு நீர்த்துப் பார்த்தாலும்) ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கும், 1:40 அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானவர்களுக்கும் இது பாசிட்டிவாக வரும். அறிகுறி ஒன்றுமில்லாதவரின் தாளில் இந்த ஒற்றை வரிக்குப் பெரிய அர்த்தம் இல்லை.

நோயை உறுதிசெய்வது மதிப்பெண் போடுவது போன்ற வேலை. 2013இல் அமெரிக்க, ஐரோப்பிய ருமடாலஜி (மூட்டு, இணைப்புத் திசு நோய் மருத்துவம்) அமைப்புகள் சேர்ந்து வகுத்த அளவுகோலில் 9 புள்ளி வந்தால் இந்த நோய் என்று வகைப்படுத்துகிறார்கள். இரு கைகளிலும் விரல் தோல் இறுகி, அது விரல் அடிமுட்டியைத் தாண்டிப் புறங்கைக்கு ஏறியிருந்தால் அதற்கு மட்டுமே 9. அது இல்லாவிட்டால் ரேனோவுக்கு 3, மேலே சொன்ன ஆன்டிபாடிகளுக்கு 3, நகமடிப்பு நுண்குழாய் மாற்றத்துக்கு 2, விரல் நுனிக் குழித்தழும்புக்கு 3 என்று கூட்டிப் பார்ப்பார்கள். இது ஆய்வுகளுக்காகச் செய்த அளவுகோல். மருத்துவரின் கணிப்புக்கு மாற்று அல்ல.

எந்த உறுப்புக்கு என்ன ஆகும்?

தோல். முதலில் வீக்கம், பிறகு இறுக்கம், பல ஆண்டுகள் கழித்து மெலிவு. வாய் அகலத் திறக்காது. பல் மருத்துவரிடம் போனால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். நிறம் போன தோலில் மயிர்க்கால்களைச் சுற்றி மட்டும் கருமை மிச்சமிருப்பதால், உப்பும் மிளகும் தூவியதுபோல் இருக்கும். இதை வெண்புள்ளி என்று நினைத்து வேறு சிகிச்சை எடுப்பவர்களும் உண்டு. ஓவியர் பால் க்ளேக்கு 1935 முதல் இருந்த நோய் இதுதான் என்று அவர் இறந்த பிறகு மருத்துவர்கள் கணித்தார்கள். 1936இல் இருபத்தைந்து படைப்புகள் அளவுக்குச் சுருங்கிப்போனவர், 1939இல் ஆயிரத்துக்கு மேல் படைத்தார். கோடுகள் மட்டும் தடித்துவிட்டன. அவர் மறைந்த ஜூன் 29தான் இன்று உலக ஸ்க்லெரோடெர்மா நாள்.

உணவுப்பாதை. தோலுக்கு அடுத்தபடியாக அதிகம் பாதிக்கப்படுவது இது. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதித் தசை சோர்ந்து, அமிலம் மேலே வருகிறது. குடல் மந்தமானால் பாக்டீரியா பெருகி வயிறு உப்பும், பேதியாகும், எடை குறையும். காரணம் தெரியாத ரத்தசோகை இருந்தால் இரைப்பையின் உட்சுவரில் விரிந்த குழாய்கள் மெல்ல ரத்தம் கசிகின்றனவா என்று எண்டோஸ்கோப்பியில் பார்ப்பார்கள்.

நுரையீரல். இன்று இந்த நோயில் உயிரிழப்புக்கு முதன்மைக் காரணம் இதுதான். நுரையீரலைப் பொறுத்தவரை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் உண்டு, பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். நுரையீரல் திசுவே தழும்பாவது ஒன்று. வறட்டு இருமல், மூச்சு வாங்குதல். இது முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாக வளரும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்பதால், நோய் உறுதியானதுமே நுண்விவர சிடி ஸ்கேனும் மூச்சுத்திறன் சோதனையும் எடுத்துவைப்பது நல்லது. மற்றொன்று நுரையீரல் ரத்தக்குழாய் குறுகி அங்கே அழுத்தம் ஏறுவது. இது கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் பிபி அல்ல. அது சரியாகவே காட்டும், இது ஏறிக்கொண்டிருக்கும். இதயத்தின் வலப்பக்கம் திணறத் தொடங்கும்போதுதான் வெளியே தெரியும். ஆண்டுதோறும் எக்கோ எடுப்பது இதற்காகத்தான். உறுதிசெய்ய, வலப்பக்க இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அளக்க வேண்டும்.

சிறுநீரகம். விரி வகைக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு, பெரும்பாலும் முதல் நாலைந்து ஆண்டுகளுக்குள், பிபி திடீரென்று எகிறி, தலைவலி, பார்வை மங்கல், சிறுநீரகச் செயலிழப்பு என்று சில நாட்களிலேயே நிலைமை மோசமாகலாம். 1970களின் பிற்பகுதி வரை இது ஏறக்குறைய மரண தண்டனை. கேப்டோப்ரில் என்ற பிபி மாத்திரை வந்ததும் கதை தலைகீழானது. அந்த 'ஏசிஇ தடுப்பான்' வகை மருந்தை எடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் ஆண்டைத் தாண்டினார்கள். டயாலிசிஸ் தேவைப்பட்டவர்களில் கணிசமானோர் மாதங்கள் கழித்து அதிலிருந்து விடுபட்டதும் உண்டு. ஆனால் இதே மாத்திரையை முன்னெச்சரிக்கையாகச் சாப்பிட்டு வைத்தால் நெருக்கடி தடுக்கப்படுவதில்லை. வீட்டில் ஒரு பிபி கருவி வைத்து வாரத்துக்குச் சில முறை பார்ப்பதுதான் தற்காப்பு.

ஸ்டீராய்டு இங்கே ஏன் ஆபத்து?

தன்னெதிர்ப்பு நோய் என்றதும் ஸ்டீராய்டு என்பது பலரின் மனக்கணக்கு. லூபஸ் என்ற இன்னொரு தன்னெதிர்ப்பு நோயில், வேறு பல மூட்டு நோய்களில் அது பலிக்கிறது. இங்கே பலிக்காது, ஒரு நாளைக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் பிரெட்னிசோலோன் எடுப்பது மேலே சொன்ன சிறுநீரக நெருக்கடிக்கு வாய்ப்பைக் கூட்டுகிறது. மூட்டு வலிக்கு என்று யாரோ எழுதித் தந்த மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்பதை இந்த நோயாளிகள் கேட்டே ஆக வேண்டும்.

சிகிச்சை: உறுப்புக்கு ஒரு வழி

நோயை வேரோடு அழிக்கும் ஒரு மருந்து இல்லை. எந்த உறுப்பு, எந்தக் கட்டம் என்று பார்த்து மருந்து தேர்வாகிறது. நீண்ட காலம் கொடுத்துவந்த பென்சிலமைன், 1999இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் அதிக அளவும் மிகக் குறைந்த அளவும் ஒரே பலனையே தந்ததால் பின்னுக்குப் போனது. 'இருபது வருடமாகக் கொடுக்கிறோம்' என்பது ஆதாரம் ஆகாது என்பதற்கு நல்ல உதாரணம்.

1. ரேனோவுக்கு: உடம்பு முழுவதையும் சூடாக வைத்துக்கொள்வது (கையுறை மட்டும் போதாது), புகையை அடியோடு விடுவது, நிஃபெடிபின் போன்ற மருந்துகள். புண் ஆறாவிட்டால் சில்டெனாஃபில், ஊசி வழியாக இலோப்ரோஸ்ட். புதுப் புண் வராமலிருக்க போசென்டான்.

2. நுரையீரல் தழும்புக்கு: முன்பு சைக்ளோஃபாஸ்ஃபமைடு. 2016இல் வந்த ஆய்வு மைக்கோஃபினோலேட் அதே அளவு பலன் தந்து, பக்கவிளைவில் இதமாக இருப்பதைக் காட்டியது. 2019இல் நின்டெடனிப், 2021இல் டோசிலிசுமாப் ஆகியவை அமெரிக்காவில் அனுமதி பெற்றன. நின்டெடனிப் ஆய்வில், மருந்து எடுக்காதவர்கள் ஆண்டுக்குச் சுமார் 93 மில்லிலிட்டர் மூச்சுக் கொள்ளளவை இழந்தார்கள்; எடுத்தவர்கள் 52. இழந்தது திரும்பவில்லை, இழப்பின் வேகம்தான் குறைந்தது. தோலிலோ எந்த மாற்றமும் இல்லை.

3. நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்துக்கு: எண்டோதெலினைத் தடுக்கும் மருந்தையும் டடாலாஃபில் போன்றதையும் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுப்பது இன்றைய வழக்கம்.

4. உணவுக்குழாய்க்கு: அமிலம் குறைக்கும் மாத்திரை, இரவில் தாமதமாகச் சாப்பிடாமலிருப்பது, கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது.

அப்புறம், வேகமாக முற்றும் விரி வகையில் சிலருக்கு அவர்களின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்துவிட்டு, எதிர்ப்பு மண்டலத்தை அழித்து, மீண்டும் செலுத்துகிறார்கள். 2014, 2018 ஆண்டுகளில் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும் இது நீண்டகால உயிர்வாழ்வைக் கூட்டியது. சிகிச்சையே சிலரின் உயிரைப் பறித்ததும் அதே ஆய்வுகளில்தான். முதல் ஆய்வில் பத்தில் ஒருவர். ஆகவே யாருக்கு என்று தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது எல்லாம். ரத்தப் புற்றுக்கு வந்த கார்-டி செல் சிகிச்சையும் (நோயாளியின் எதிர்ப்பு செல்களை எடுத்து, மாற்றியமைத்து, மீண்டும் செலுத்துவது) இப்போது இங்கே எட்டிப் பார்க்கிறது. 2024இல் ஜெர்மன் குழு வெளியிட்ட, மூன்று வகைத் தன்னெதிர்ப்பு நோயாளிகள் 15 பேர் பற்றிய அறிக்கையில் நால்வர் ஸ்க்லெரோடெர்மாகாரர்கள். நால்வரிடமும் நோயின் தீவிரம் குறைந்திருந்தது. நாலு பேர் என்பது நாலு பேர்தான்.

தோல் இளகிய பிறகு

விரி வகையில் சில ஆண்டுகள் கழித்து, பலருக்குத் தோல் தானாகவே இளகத் தொடங்கும். கை மடங்குகிறது, முகம் பழையபடி அசைகிறது. நோய் போய்விட்டது என்று முடிவுகட்டி மருத்துவரிடம் போவதை நிறுத்துவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். குறு வகைக்காரர்களோ தோல் பெரிதாகத் தொந்தரவு தராததால் முதலிலிருந்தே தவணை தவறுகிறார்கள். ஆனால் சென்ட்ரோமியர் ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் வருவது ரேனோ தொடங்கிப் பத்து ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல் கழித்து. அந்த ஆண்டின் எக்கோவையும் மூச்சுத்திறன் சோதனையையும் தீர்மானிக்க வேண்டியது தோலின் நிலை அல்ல, ஆன்டிபாடியும் நாட்காட்டியும்.